சாவடிக்கு மேலே போகும் பெண்

நடப்பது எனக்குப் பிடிக்காது. அரிசிக்கடை வரை போய்வந்தாலே செருப்பின் வார் விரலிடுக்கை அறுத்துவிடும். எடோ மாநகரில் பிறந்து அங்கேயே வளர்ந்தவனுக்கு நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்க்கத் தகுந்த இடங்களுக்கெல்லாம் படகு போகும். அப்படிப்பட்ட நான் கியோட்டோ வரை நீளும் பெருவழியை ஊர் ஊராகப் படம் போட்டேன் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தப் படம் முதல் அச்சு, மரப்பலகை புதிதாக இருந்தபோது அடித்தது. மேலே வானத்தின் நீலம் கீழே வரவரக் கரைந்து காணாமல் போகிறது பாருங்கள். பிற்பாடு அவசரத்தில் அடித்தவற்றில் அந்த நயம் இருக்காது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் நீலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சரிவில் ஏறிப்போகும் இந்தப் பெண் யார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மழை விடுவதாக இல்லை, உங்களுக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் பெண்களை வரைபவன். கணிகையர், தேநீர்க்கடைப் பெண்கள், மேடையில் பெண் வேடம் கட்டும் நடிகர்கள். ஹகுசென் வரைந்த கழுத்து என்றால் எடோவில் தெரியாதவர்கள் இல்லை. முகங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் தொழிலில் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே முகம்தான். நீண்ட மூக்கு, கோடு போன்ற கண், அரிசிமணி அளவுக்கு வாய். ஆள் யாரென்று தெரிய வேண்டுமானால் பெயரைப் பக்கத்தில் எழுதிவிடுவோம். வாங்குகிறவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். நிஜ முகத்தைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் ஆசையில்லை, அது அவரவர் வீட்டிலேயே இருக்கிறது.

பிறகு அரசு ஒழுக்கம் பேச ஆரம்பித்தது. கணிகையரையும் நடிகர்களையும் அச்சிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் பதிப்பாளர் மசுதாயா என்னை வரவழைத்தார். பருத்த மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் இனிப்பு வரவழைப்பார். அன்றைக்கு இரண்டு தட்டு வந்தது.

"ஹகுசென் ஐயா, இனிமே மலைதான்," என்றார். "மலை, ஆறு, மழை, பாலம். ஊர் ஊரா ஒரு வரிசை போடறோம். ஜனங்க அதுக்குத்தான் பறக்கறாங்க."

"எனக்கு மலை வரைய வராது."

"யாரு உங்களை வரையச் சொன்னா? மலைக்கு ஸோஹச்சி இருக்கான். நீங்க ஆளுங்களைப் போடுங்க. ரெண்டு பேர் தூரிகை, ஒரே படம். விளம்பரத்துக்கு எவ்வளவு எடுப்பா இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். இனிப்பைச் சாப்பிட்டு முடித்தேன்.

இந்தப் பெருவழிப் படங்களை வாங்குகிறவர்களை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? தங்கள் தெருமுனையைத் தாண்டாதவன், பாலத்தின் மேல் பெய்யும் மழையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். இசே கோயிலுக்கு ஒருமுறை போய்வந்தவன், தான் பேதியாகிக் கிடந்த ஊரின் படத்தைத் தேடி வாங்கி விருந்தாளிக்குக் காட்டுவான். அந்த ஊரில் அவன் கண்டது விடுதியின் பின்கட்டு மட்டும்தான். உங்களைச் சொல்லவில்லை. உங்களுக்கு ரசனை இருக்கிறது.

ஸோஹச்சி அவர்களைவிட மோசம். அவன் உண்மையாகவே நடந்தான். சிறிய மூட்டையும் மைக்கூடுமாகக் கிளம்பிப் போய் வெயிலில் கறுத்து வருவான். "இருக்கறதை இருக்கற மாதிரி போட்டாப் போதுங்க ஐயா, மலையே மீதியைப் பார்த்துக்கும்" என்பான். இப்படிப் பேசுகிறவனிடம் என்ன சொல்வது? ஒரு மரம் கிளை முறிந்து நின்றால் அதை அப்படியே வரைவான். ஏன் என்று கேட்டால், "முறிஞ்சிருந்ததே" என்பான். அதை அவன் நேர்மை என்று நினைத்தான். எனக்கு அது கற்பனை வறட்சியாகத் தெரிந்தது.

ஓவியங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். என் மனைவி ஒனாமி தேநீர் கொண்டுவந்து வைப்பாள். அவள் மிஷிமாவைச் சேர்ந்தவள். ஹகோனே மலையையும் அதன் சோதனைச்சாவடியையும் தாண்டி இறங்கினால் வரும் முதல் ஊர் அது. ஒருநாள் ஸோஹச்சி மிஷிமாவின் படத்தை விரித்தபோது அவள் தட்டோடு நின்றுவிட்டாள்.

"கோயில் பக்கத்து ஓடையில இன்னும் துணி துவைக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"துவைக்கறாங்கம்மா. கால் வெச்சேன், எலும்பு வரைக்கும் குளிருது."

"நடு வெயில்லயும் அப்படித்தான். மலையில உருகற பனித் தண்ணியாச்சே. அந்த நொண்டி வாத்து இருக்கா?"

"நொண்டி வாத்து ஒண்ணு இருந்துச்சு. ஆனா நீங்க சொல்றது அதோட பேத்தியா இருக்கும்."

ஒனாமி சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. வேறெதையோ எதிர்பார்த்து நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம். அவர்களுக்குள் ஏதும் இருந்ததா என்று நான் அன்றும் யோசிக்கவில்லை, இன்றும் யோசிப்பதில்லை. வாத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற இரண்டு பேரைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு நேரமில்லை. ஒனாமி சிரித்தால் இடது புருவம் இரண்டாகப் பிரிந்து தெரியும். சிறுமியாக இருந்தபோது ஓடைக் கல்லில் விழுந்த வடு. நான் அதைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது என்பது மட்டும் அன்று நினைவுக்கு வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் அவளுடைய அம்மா படுத்த படுக்கையானாள். உங்களுக்குத் தெரியும், எடோவிலிருந்து வெளியே போகும் பெண்ணைச் சாவடியில் சும்மா விடமாட்டார்கள். அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் கணவன் தன் முத்திரையை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். சாவடியில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். கூந்தலை அவிழ்த்து, மச்சம் முதல் வடு வரை சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விடுவாள்.

"ஒரு முத்திரைதானேங்க," என்றாள் ஒனாமி.

"வரிசை முடியட்டும்."

"அதுவரைக்கும் அம்மா தாங்கணுமே."

"கிழவிகள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை" என்றேன். நான் முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. பொதுவாக அது உண்மையும்கூட. அவள் மறுபடி கேட்டாள், நான் மறுபடி அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அமைதி பிடிக்கும். நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்கிறோம். அதை நல்ல இல்லறம் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. சோற்றுப்பானை கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. என் மாற்று உடைகள் மடிக்கப்பட்டு வரிசையாக இருந்தன. அவள் போய்விட்டிருந்தாள். அக்கம்பக்கத்தில், அவள் உடம்பு சரியில்லாமல் உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஸோஹச்சியும் அந்தச் சமயத்தில் ஊரில் இல்லை. மலைப்பகுதியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மசுதாயாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவன் திரும்பிவந்து ஹகோனேயின் படத்தைக் கொடுத்தான். நல்ல படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழே ஏரி, ஏரிக்கரையில் சாவடியின் கூரை, பின்னால் செங்குத்தாக எழும்பும் மலை. அந்த மலையின் தோளில், சாவடிக்கு மேலே, மயிரிழை போல ஒரு பாதை. மூங்கில் புதர்களுக்குள் நுழைந்து, ஒரு பாறையைச் சுற்றி, மறுபக்கம் இறங்கியது. அந்தப் பாதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடையாது. நான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், அவற்றைப் பார்த்துத்தான் தொழில் செய்கிறேன்.

"இது என்னது?" என்று கேட்டேன்.

அவன் காது சிவந்துவிட்டது. "விறகு வெட்டறவங்க போற வழிங்க."

"சாவடியைச் சுற்றிக்கொண்டு போகிறதே."

"இருந்துச்சு, வரைஞ்சுட்டேன். வேணும்னா எடுத்துடறேன் ஐயா."

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன். "நன்றாக இருக்கிறது."

யோசித்துப் பாருங்கள். சாவடியைச் சுற்றிப் போகும் பெண்ணுக்கும், அவளுக்கு வழி காட்டுகிறவனுக்கும் மரணம்தான் தண்டனை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் அவளை அந்தப் பாதையில் அழைத்துப்போயிருக்கிறான். திரும்பிவந்ததும் அதே பாதையை உட்கார்ந்து வரைந்திருக்கிறான், முறிந்த கிளையை வரைந்த மாதிரி, இருந்தது என்பதற்காக. தான் பார்த்ததைப் படத்திலிருந்து விட்டுவிட அவனுக்கு மனம் வராது. இப்படிப்பட்ட மனிதர்களை உலகம் நல்லவர்கள் என்று சொல்கிறது. எனக்கு அவர்கள்மேல் இருந்த அபிப்பிராயத்தை நான் மறைத்ததில்லை.

அந்தப் பாதை வெறுமையாக இருந்தது. ஆள் போடுவது என் வேலை. ஒரு பெண்ணைப் போட்டேன்.

பல தாள்களைக் கிழித்தேன். வழக்கமான முகம் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு கணத்தில் கை தானாகத் திரும்பியது. பிளந்த புருவம், கொஞ்சம் தாழ்ந்த வலது தோள், பிடிவாதமான தாடை. விரலின் நகம் அளவுக்குத்தான் அந்த முகம், ஆனாலும் அவளேதான். என் வாழ்நாளில் நான் வரைந்த ஒரே முகம் அது. மற்றதெல்லாம் முகமூடி. வரைந்து முடித்த பிறகு தூரிகையைக்கூடக் கழுவாமல் விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியால் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரியுமே, மூல ஓவியத்தைப் பலகைமேல் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள். வரைந்தது அதோடு ஒழிந்துபோகும். மிஞ்சுவது செதுக்குபவன் விட்டுவைப்பதுதான். அதனால் நானே கின்ஸோவின் பட்டறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகங்களைச் செதுக்குவதில் அவன் பெரிய ஆள். முகத்தைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"இது உங்க முகம் இல்லையே ஐயா."

"என் முகம் எதற்கு அங்கே?"

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க போடற முகத்தை நான் கண்ணை மூடிட்டுச் செதுக்குவேன். இது யாரோ ஒரு ஆளு. புருவத்துல வெட்டு விழுந்திருக்கே, மை சிந்திடுச்சோ?"

"சிந்தவில்லை. அப்படியே செதுக்கு."

"பாத்தா பயமா இருக்கு. திட்டப் போற மாதிரியே இருக்கு," என்றான். ஆனால் அப்படியே செதுக்கினான். செதுக்குவதற்கு முன்பே அரசுக்காகப் படத்தைப் பரிசோதித்த பேட்டைத் தலைவர் மலையேறும் ஒரு பெண்ணைப் பார்த்தார், அவள் கணிகை இல்லை என்பதைப் பார்த்தார், முத்திரை வைத்தார். அதற்குமேல் பார்க்க அவருக்குக் கண் கிடையாது.

மசுதாயாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். தங்கள் ஊர்ப்பக்கத்தின் படத்தை ஜனங்கள் விரும்பி வாங்குவார்கள், மிஷிமாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்பலாமே என்று. நல்ல யோசனை என்றார். வியாபார ரீதியில் அது நல்ல யோசனைதான்.

மிஷிமாவில் நடந்ததை நானே எதிர்பார்த்ததாகச் சொன்னால் அது பொய். யாராவது அடையாளம் கண்டு முணுமுணுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெருமைப்பட்டார்கள். எடோவின் பெரிய ஓவியர் படத்தில் எங்கள் ஒனாமி வந்துவிட்டாள் என்று பெருவழி மேலேயே இருக்கும் தேநீர்க்கடையில் ஒட்டிவைத்தார்கள். வந்தவன் போனவனுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினார்கள். சாவடிக் காவலன் ஒருவன் தேநீர் குடிக்க வந்தபோதும் காட்டியிருக்கிறார்கள். அவன் குடித்து முடித்துவிட்டு, அந்தப் பாதையை இன்னொரு முறை பார்த்திருக்கிறான்.

அதற்கு முன்பே ஸோஹச்சி என் வீட்டுக்கு வந்துவிட்டான். கடையில் தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, அந்த ஒரு உருவத்தை மட்டும் பலகையிலேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எதற்கு? படத்தின் உயிரே அதுதான்."

"அது அவங்க முகம்."

"எவங்க?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். பெயரைச் சொன்னால் அவன் தலை போகும். சொல்லாவிட்டால் கேட்க வந்ததற்குப் பொருளில்லை. பாவம், அவனுக்குப் பொய்யும் வரவில்லை.

"அவங்க அம்மா போயிட்டாங்க," என்றான் கடைசியில். "மகளைப் பாத்துட்டுத்தான் போனாங்க. காரியமெல்லாம் முடிஞ்சதும் நானே போய் இங்க வரச் சொல்லலாம்னு இருந்தேன். அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

"ஒன்றுமில்லை. உன் செருப்பு பாயை அழுக்காக்குகிறது" என்றேன்.

அவளை எச்சரிக்கக் கிளம்பிப் போனான். சாவடியில் அவன் பெயரைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள், படத்தில்தான் என் பெயரோடு அவன் பெயரும் போட்டிருக்கிறதே. ஒனாமியையும் மிஷிமாவிலிருந்து கொண்டுவந்தார்கள். கணவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது. அப்படித்தான் நான் முதல்முறையாக அந்தப் பெருவழியைக் கண்டேன். பல்லக்கில் போனேன். குதிரைச் சாணமும் புகையும் சேறும்தான். பாலத்தின் மேல் மழை பெய்தது, ஒருவனும் பெருமூச்சு விடவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் ஸோஹச்சி செத்திருந்தான். மலைக்குளிர், கொட்டடி, காய்ச்சல். கேட்டபோதெல்லாம் அந்தப் பாதையைத் தான் கற்பனையாக வரைந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தானாம். உள்ளதை உள்ளபடி வரைவதாகக் காலம் முழுக்கப் பேசியவன், கடைசியில் தன் ஒரே கொள்கையைக் கைவிட்டுவிட்டுச் செத்தான்.

சாவடி அதிகாரி இவாசே வயதானவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒனாமியைச் சுவரோரமாகக் கையைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க உங்க படம்னா உசிரை விடுவாங்க," என்றார் இவாசே. "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது ஐயா. இந்த மலையில பனி இறங்கினா நாங்களே தடுமாறுவோம். ஒவ்வொரு வருஷமும் யாராவது புதருக்குள்ள போயிடறாங்க. 'வழி தப்பிப் புதரில் நுழைந்தவர்' அப்படின்னு பதிஞ்சு, வந்த பக்கமே திருப்பி விட்டுடுவோம். மேலிடத்துக்கும் அது தெரியும். யாருக்கு வேணும் மரத்துல கட்டி ஈட்டியால குத்தற வேலை? ஏற்கனவே ஒரு சாவு ஆயிடுச்சு."

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்க சம்சாரம் வழி தப்பினவங்க. பாதை கற்பனை. முகம் எல்லாப் படத்துலயும் இருக்கற அதே முகம். வரைஞ்சவர் நீங்க. ஒரு தடவை உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா, இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லாப் படத்திலும் இருக்கிற அதே முகம். அதை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேசைமேல் அந்தப் படம் கிடந்தது. ஆரஞ்சுத் தோல் அதன் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. தோலை எடுத்து அப்பால் வைத்தேன்.

"பாதை இருக்கிறது," என்றேன். "முகம் இவளுடையது. இந்தப் படத்தில் கற்பனையாக எதுவும் இல்லை."

"நான் கேட்டது உங்களுக்குப் புரியலைன்னு நினைக்கறேன்."

"புரிந்தது."

இவாசே உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தெருவில் கிடக்கும் எதையோ பார்ப்பது போன்ற பார்வை. நாட்டுப்புற அதிகாரிகளிடம் நாம் நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது. பிறகு அவர் ஒனாமியின் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. இது நீங்க இல்லதானே? இல்லைன்னு தலையாட்டினாக்கூடப் போதும்."

அவள் படத்தைக் காட்டச் சொன்னாள். காவலன் அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். என் படம் எதையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"புருவம் சரி," என்றாள். "தோள் சரி. பாதையும் சரிதான். நல்லாத்தான் வரைஞ்சிருக்கார்."

"அம்மா..." என்றார் இவாசே.

"ஆனா நான் திரும்பிப் பாக்கலை."

அங்கேயே, பெருவழியில் போகிறவர்கள் பார்க்கும்படி, சட்டம் சொன்னபடி முடித்தார்கள். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். மசுதாயா பயந்துபோய்ப் பலகையில் அந்த இடத்தைத் தோண்டி, வேறு மரத்துண்டை அடைத்து, ஒரு பைன் மரத்தைச் செதுக்கவைத்தார். இப்போது கடையில் கிடைப்பது அதுதான். ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

உங்கள் தாளில் அவள் இருக்கிறாள். விளக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பாறையைச் சுற்றும் இடத்தில், வலது தோளுக்கு மேலே முகத்தைத் திருப்பி, எடோ இருக்கும் திசையைப் பார்க்கிறாள். நான் பெண்களை வரைந்தே வயதானவன். வீட்டை விட்டுப் போகிற எந்தப் பெண்ணும் அந்தத் திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் போகமாட்டாள். மற்ற எல்லாவற்றிலும் உண்மையைச் சொன்னவள், சாகப்போகிற நேரத்தில் எதற்காக அந்த ஒரு பொய்யைச் சொன்னாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.